பன்றியைச் சுட்டால் பன்றி குறையுமா?

வெள்ளவத்தையில் குடியிருக்கும் ஒருவரின் கேள்வி இது. வவுனியாப் பக்கம் அவருக்கு நாலு ஏக்கர் குடும்பக் காணி இருக்கிறது. இரண்டு ஏக்கர் வயல், மிச்சத்தில் கச்சானும் மரவள்ளியும், ஓரமாக ஐம்பது தென்னை. பன்றி இரவில் வந்து கிளறிவிட்டுப் போகிறது. குரங்கு தேங்காயைக் குரும்பட்டியிலேயே முடித்துவிடுகிறது. காணியைப் பார்க்கும் சித்தப்பா "துவக்குக்கு லைசென்ஸ் எடுத்துத் தா, ஒரு போகத்தில் சரிக்கட்டுகிறேன்" என்கிறார். கொழும்பில் கூட வேலை செய்பவர்கள் "வாயில்லாச் சீவனைக் கொல்வது பாவம்" என்கிறார்கள். இதில் எது நியாயம், எது சரிவரும் என்று கேட்கிறார்.

சுருக்கமான பதில்: சித்தப்பாவின் துவக்கு பன்றியைக் குறைக்காது, குரங்கு விஷயத்தில் நிலைமையை இன்னும் சிக்கலாக்கும். அதற்காக ஒருபோதும் கொல்லக்கூடாது என்ற முடிவுக்கும் வரவேண்டியதில்லை. கொல்லலாமா என்று கேட்க முன்னர், கொன்றால் காரியம் நடக்குமா என்று கேளுங்கள். காரியம் நடக்காத இடத்தில் விழும் உயிர் வீண் கொலை, விவசாயியின் பக்கம் நின்று பார்த்தாலும். கொழும்பு நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: காவலுக்கும் வேலிக்கும் ஒரு சதம் கொடுக்காமல் காட்டும் கருணையின் செலவை வவுனியாவில் வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார். 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது எல்லோரும் குரங்கைத் திட்டினோம். அதுவரை குரங்கோடு மல்லுக்கட்டிய ஆட்களை யாரும் நினைக்கவில்லை.

முதலில் பன்றிக் கணக்கு. சினைக்காலம் ஏறக்குறைய 115 நாள்; மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள் என்பது பன்றி வளர்ப்பவர்களின் வாய்ப்பாடு. காட்டுப்பன்றி ஒரு ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி போடும். தீனி தாராளமாகக் கிடைத்தால் பெண் குட்டி ஒரு வயது திரும்புவதற்குள்ளேயே சினைப்படும். ஓர் உதாரணம் போடுவோம். உங்கள் காணியைச் சுற்றியுள்ள காட்டில் 100 பன்றி. அதில் 50 பெண், அந்த ஐம்பதில் 35 குட்டி போடுகிறது, ஆளுக்கு ஐந்து என்றால் 175. அதில் பாதி முதல் வருடத்திலேயே செத்தாலும் ஆண்டு முடிவில் கிட்டத்தட்ட 187. எண்ணிக்கை ஏறாமல் வைத்திருக்கவே 87 பன்றியை எடுக்க வேண்டும். இறக்க வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 125 பன்றி. நல்ல தீனியுள்ள இடங்களில் பன்றி மேலாண்மை செய்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவும் இதுதான். சித்தப்பாவும் இரண்டு கூட்டாளிகளும் மாதம் இரண்டு பன்றி விழுத்தினால் வருடத்துக்கு 24. மிஞ்சி நிற்கும் பன்றிகளுக்குத் தீனிப் போட்டி கொஞ்சம் குறையும், குட்டிகள் கூடத் தப்பும், அந்த 24உம் பெரும்போகம் முடிய முன்னரே நிரம்பிவிடும். இறைச்சி கிடைக்கும், அவ்வளவுதான். இறைச்சிக்காகப் போகிறீர்கள் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். "கட்டுப்படுத்தல்" என்ற பெயர் வேண்டாம்.

எதைச் சுடுகிறோம் என்பதும் முக்கியம். வெளிச்சத்தில் தனியாக வந்து நிற்பது பெரிய ஆண். துவக்குக்காரனின் கண் போவதும் அதன்மேல்தான். ஓர் ஆண் பல பெண்ணோடு சேரும் இனத்தில் ஆணைச் சுட்டால் அடுத்த வருடக் குட்டிக் கணக்கு அசையாது. மானிலும் இதே கதைதான். குட்டிகளோடு திரியும் பெண் கூட்டத்தை ஒரு கிழவிப் பன்றி நடத்திக்கொண்டு போகும். அவளைச் சுட்டால் கூட்டம் சிதறி மூன்று பக்கம் போய், இதுவரை பன்றி வராத தோட்டத்துக்கும் வழி கண்டுபிடிக்கும்.

ஆகவே உண்மையாகவே எண்ணிக்கையை இறக்க வேண்டிய இடங்களில் இப்போது முழுக் கூட்டத்தையும் ஒரே இரவில் அடைக்கும் கூட்டுப்பொறியைத்தான் பயன்படுத்துகிறார்கள். கம்பிவலைப் பலகைகளை வட்டமாக நிறுத்துவார்கள். விட்டம் ஆறு முதல் பத்து மீற்றர், உயரம் ஒன்றரை மீற்றர். மூலை வைத்தால் பன்றிகள் அங்கே குவிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெளியே பாயும். கீழ்ப்பக்க வலைக்கண் பத்து சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் குட்டி நழுவும். வாசலைத் திறந்தே வைத்து, ஒன்று இரண்டு கிழமைக்கு ஊறவைத்த சோளம், பழம், மரவள்ளி என்று உள்ளே தீனி மட்டும் போட வேண்டும். ஒரு கமரா இரவு முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு பன்றியுள்ள கூட்டம் என்றால் பன்னிரண்டும் உள்ளே நுழைந்து அஞ்சாமல் தின்னும் வரை வாசலை விழுத்தக்கூடாது. பொறுமையில்லாமல் முதல் நாளே நாலு பன்றிக்கு வாசலை விழுத்துவதுதான் வழமையான பிழை. வெளியே நின்ற எட்டும் அதற்குப் பிறகு எந்தப் பொறிக்கும் கிட்ட வராது. அடைபட்டதை விடிவதற்குள், வெளியே நின்று, கிட்டத்தில் தலைக்குக் குறிவைத்து முடிக்க வேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் ஓடும் பன்றியை இருட்டில் வயிற்றில் சுட்டு, அது மூன்று நாள் பற்றைக்குள் கிடந்து சாவதைவிட இது எவ்வளவோ மேல். இதெல்லாம் தனி ஒருவர் தன் காணியில் செய்துபார்க்கும் வேலையல்ல. ஊராகக் கூடி, வனசீவராசிகள் திணைக்கள அனுமதியோடு செய்வது.

துவக்கைப் பற்றியும் இரண்டு சொல். பன்னிரண்டு போர் சொட்கன்னும் எஸ்.ஜி. தோட்டாவும்தான் நம்மூரில் வழக்கம். முப்பது மீற்றருக்கு மேல் அந்தக் குண்டுகள் விரிந்து போகும். ஒன்றிரண்டுதான் படும், பட்டதும் உயிர்நிலையில் படாது. பன்றியின் இதயம் தாழ்வாக, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. முதிர்ந்த ஆணின் தோள்ப்பக்கத் தோல் கவசம்போல் தடித்திருப்பதால் சரிந்த கோணத்தில் படும் சிறு குண்டு உள்ளே போகாது. அடிபட்டு ஓடினால் உடனே பின்னால் ஓடாமல் அரை மணித்தியாலம் விட்டு, இரத்தத்தைப் பார்த்துப் போக வேண்டும். விடிய விடியத் தேடியும் கிடைக்காவிட்டால், அன்று சுட்டது பிழை என்று எடுத்துக்கொண்டு அடுத்தமுறை இன்னும் கிட்டத்தில் வரவிடுங்கள். பற்றை அசைந்தது, பன்றி என்று நினைத்தேன் என்று மனிதனைச் சுட்ட வழக்குகளுக்கு நம் நாட்டில் குறைவில்லை. ஈயக் குண்டு இறைச்சிக்குள் துகள்துகளாகப் பரவும். காயத்தைச் சுற்றி நிறைய வெட்டி எறிந்தாலும் சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த இறைச்சி வேண்டாம். உரிக்கும்போது கையுறை போடுங்கள். எலிக்காய்ச்சலும் புரூசெல்லா நோயும் கைக்காயத்தால் ஏறும். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கைக்குள் வந்துவிட்டதால் குடல், கழிவு ஒன்றையும் வெளியே வீசாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். அந்த நோய் மனிதனுக்கு வராது, ஆனால் பக்கத்துப் பன்றிப் பண்ணையை ஒரு கிழமையில் துடைத்துவிடும்.

துவக்கில்லாதவர்கள் செய்யும் வேலைதான் எல்லாவற்றிலும் மோசம். கட்டுத்துவக்கு (கயிறு தட்டுப்பட்டால் தானே வெடிப்பது), ஹக்க பட்டாஸ் (தீனிக்குள் ஒளித்துவைக்கும் வெடி), சுருக்குக் கம்பி, வீட்டுக் கரண்டை நேரே வேலிக்குக் கொடுப்பது என்று நாலு வகை. இந்த நாலுக்கும் பொதுவான குற்றம் ஒன்று: எது வருகிறது என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. சுருக்குக் கம்பியைக் கிட்டத்தில் பாருங்கள். மோட்டார் சைக்கிளின் கிளச் கேபிளோ பிரேக் கேபிளோ ஒரு முழம்; ஒரு நுனியில் வளையம், மறுநுனி மரத்தின் அடியில். பன்றி தலையை விடும் உயரத்துக்குத்தான் அதைக் கட்டுகிறார்கள். அதே உயரத்தில் சிறுத்தைக்குத் தலையும் தோளும் தாண்டிவிடும், வயிற்றில்தான் இறுகும். இழுக்க இழுக்கக் கம்பி உள்ளே போகும். மீட்டு எடுத்தாலும் உள்ளுறுப்பு நசிந்து இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் சிக்கிய கருஞ்சிறுத்தைக்கு நடந்தது அதுதான். உடவளவைக்குக் கொண்டுபோய் மருத்துவம் பார்த்தும் பிழைக்கவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை சாவதற்குப் பெரிய காரணம் பன்றிக்குக் கட்டும் கம்பி. ஹக்க பட்டாஸும் பன்றிக்கென்று வைப்பதுதான். தீனிக்குள் இருப்பதைக் கடிப்பது பெரும்பாலும் ஆராய்ந்து பார்க்கும் இளம் யானை. தாடை சிதறிய யானையால் தின்னவும் முடியாது, குடிக்கவும் முடியாது; சாகக் கிழமைக்கணக்கில் எடுக்கும். கட்டுத்துவக்கில் சிக்குவது பல நேரம் விறகுக்கும் தேனுக்கும் போன ஊர்க்காரர். சித்தப்பா இந்த நாலில் எதையாவது "சும்மா ஒன்று" வைத்திருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

குரங்குக்கு வருவோம். குரங்கின் பெருக்கம் பன்றிக்கு நேர் எதிர்: ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி, அதுவும் வருடாவருடம் இல்லை. அப்படியென்றால் சுட்டுக் குறைப்பது சுகம்தானே என்று தோன்றும். தோட்டத்தில் இருபது இருபத்தைந்து குரங்குள்ள ஒரு கூட்டம் இருக்கிறது என்று வையுங்கள். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், ஆண்கள் வயதுக்கு வந்ததும் பிரிந்து போகும். அந்தக் கூட்டத்துக்கு எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த வீட்டில் நாய் கட்டியிருக்கிறது என்றெல்லாம் தெரியும். பக்கத்துக் கூட்டத்தை உள்ளே விடாமல் காவல் காப்பதும் அதுதான். அதில் பாதியைச் சுட்டால் எல்லை குலையும், பக்கத்துக் கூட்டம் நுழையும். ஒரு மாதம் அமைதி, பிறகு பழைய கணக்கே. எயார்கன்னால் அடிப்பது இதைவிட மோசம்: கண்ணும் கையும் போன குரங்கு காட்டில் தீனி தேட முடியாமல் இன்னும் வீட்டையே அண்டும்.

காலியான இடம் நிரம்பும் என்ற இந்த விதி குரங்கோடு நிற்பதில்லை. இங்கிலாந்தில் மாட்டுக் காசநோயைத் தடுக்க பாட்ஜர் என்ற வளைவாழ் விலங்கைக் கொன்று பார்த்தார்கள். 1998இல் தொடங்கிய பெரிய பரிசோதனையில், கொன்ற வட்டத்துக்குள் மாடுகளின் நோய் குறைந்தது, வட்டத்துக்கு வெளியே ஓரத்தில் கூடியது. தப்பியவை எல்லை குலைந்து அங்குமிங்கும் அலைந்து நோயைக் காவிக்கொண்டு போனதுதான் காரணம். கொழும்புக்காரர்களுக்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் தெருநாய். பல பத்தாண்டாகப் பிடித்துக் கொன்றும் நாய் குறையவில்லை, ஏனென்றால் குப்பை அங்கேயே இருந்தது. 2006இல் அரசு கொல்வதை நிறுத்தி, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் மாறியது. பத்தில் ஏழு நாய்க்கு ஊசி போட்டுவிட்டால் விசர்நோய்ச் சங்கிலி அறும். ஊசி போட்ட நாய் தன் தெருவில் வேறு நாயை விடாது. கொல்லாமை இங்கே வேலை செய்ததற்குக் காரணம் கருணையோடு ஒரு கணக்கும் சேர்ந்து வந்ததுதான்.

குரங்குக்கும் கருத்தடை செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், பெண் குரங்குகளில் பெரும்பகுதிக்குச் செய்தால். ஆணுக்குச் செய்து பயனில்லை; தப்பிய ஒன்று போதும். செய்து முடித்த குரங்கும் இன்னும் பல வருடம் உயிரோடு இருந்து தேங்காய் தின்னும், ஆகவே பலன் தெரிய வருடங்கள் ஆகும். பிடித்து லொறியில் ஏற்றி வேறு காட்டில் விடுவது எல்லா அரசியல்வாதிகளுக்கும் பிடித்த தீர்வு. வேறொரு ஊரின் தலையில் அதே பிரச்சினையை இறக்கிவைப்பதற்கு அதுவே பெயர். 2023இல் சீனாவுக்கு ஒரு லட்சம் குரங்கு அனுப்பும் பேச்சும் எழுந்து, நீதிமன்றம்வரை போய் அடங்கியது.

எத்தனை குரங்கு இருக்கிறது என்று தெரியாமல் எத்தனையை எடுப்பது? 2025 மார்ச் 15 காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம், நாடு முழுதும் வீட்டுக்காரர்கள் தங்கள் வளவில் கண்ட குரங்கு, மந்தி, மர அணில், மயிலை எண்ணிப் படிவத்தில் எழுதினார்கள். கூட்டிப் பார்த்தபோது குரங்கு 50 லட்சத்துக்கும் மேல், மயில் 40 லட்சத்துக்கும் மேல் என்று வந்தது. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். வகுத்துப் பாருங்கள்: குளம், நகரம், கோட்டைப் புகையிரத நிலையம் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு சதுர கிலோமீற்றருக்கும் 75க்கு மேல் குரங்கு. ஒரு கூட்டம் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று வளவைத் தாண்டும், மூன்று பேரும் அதையே எழுதுவார்கள். கடுப்பில் இருப்பவர் கூட்டியும் எழுதுவார். விவசாயியின் வேதனைக்கு அது நல்ல அளவுகோல். எத்தனையைக் கொல்லலாம் என்று தீர்மானிக்க உதவாது.

உங்கள் காணிக்கு நாடளாவிய கணக்கு தேவையுமில்லை. விலங்கை எண்ணுவதை விட்டுச் சேதத்தை எண்ணுங்கள். பத்துத் தென்னையைக் குறித்துவைத்து, அடியில் பல் பட்டு விழுந்த குரும்பட்டியைக் கிழமைக்கு ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். வயலில் ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தை இருபது இடத்தில் போட்டு, எத்தனை சட்டத்தில் கிளறல் என்று எழுதச் சொல்லுங்கள். பன்றியா, முள்ளம்பன்றியா, மாடா என்பதை அடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரவில் பட்டியிலிருந்து அவிழ்ந்த மாடு மேய்ந்ததைப் பன்றியின் தலையில் போடுவது ஊரில் நடக்காத விஷயமா?

கொல்வது உண்மையாகவே பலன் தந்த இடங்களும் உண்டு. கலாபகஸ் தீவுகளில் மனிதர் கொண்டுவந்து விட்ட ஆடுகள் பெருகி, ஆமைகளுக்குத் தீனி இல்லாமல் செய்தன. 1997 முதல் 2006 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைச் சுட்டார்கள். ஒளிந்திருந்த கடைசி ஆடுகளைக் கண்டுபிடிக்க, ரேடியோப் பட்டி கட்டிய ஆட்டை விட்டு, அது போய்ச் சேரும் கூட்டத்தைத் தேடிப் போனார்கள். அங்கே அது பலித்ததற்குக் காரணம் மூன்றும் ஒருங்கே இருந்தது: தீவு என்பதால் வெளியிலிருந்து நிரம்ப வழியில்லை, அந்த மண்ணுக்கு உரிய விலங்கில்லை, கடைசி ஆடு வரை போகக் காசும் பிடிவாதமும் இருந்தன. ஒரேயடியாக முடித்த அந்தக் கொலை, வருடாவருடம் முடிவில்லாமல் சுட்டுக்கொண்டே இருப்பதைவிட மொத்தத்தில் குறைந்த உயிரைக் குடித்தது. வேட்டையை நியாயப்படுத்த முடிந்த இடங்களில் எனக்கு மிகத் தெளிவாகப் படுவது இதுதான். பாதியில் நிறுத்தப்போகிறவன் தொடங்கவே கூடாது.

எதிர்ப்பக்கத்துக்கு யானை. வெள்ளைக்காரன் காலத்தில் வட மாகாணத்தில் யானைத் தலைக்குச் சன்மானம் கொடுத்து, 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கும் மேல் கொல்லவைத்தார்கள். இன்றும் யாராவது யானையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும்போது தென்னாபிரிக்காவைக் காட்டுவார்கள். குரூகர் பூங்காவில் 1967 முதல் 1994 வரை 14,000க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்று, எண்ணிக்கையை ஏழாயிரம் அளவில் பிடித்துவைத்தது உண்மை. தப்பவிட்ட குட்டிகளை பிலனஸ்பேர்க் என்ற பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பெரியவர்கள் யாருமில்லாமல் வளர்ந்த அந்த ஆண் குட்டிகள் காலத்துக்கு முன்னரே மதம் பிடித்து, 1990களில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998இல் குரூகரிலிருந்து ஆறு முதிர்ந்த ஆண்களைக் கொண்டுவந்து விட்டதும் அது நின்றது. எண்ணிக்கைக் கணக்கு சரியாக இருந்தது. யானைக் குடும்பத்தில் யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற கணக்குத்தான் பிழைத்தது. நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பில் 5,879 யானை. 2023இல் மட்டும் 400க்கும் மேல் செத்திருக்கின்றன, பெரும்பாலும் மனிதக் கையால். இதற்கு மேல் குறைப்பதைப் பற்றி யாரும் பேசத் தேவையில்லை.

நமீபியாவில் வெளிநாட்டு வேட்டைக்காரனிடம் பெரிய காசு வாங்கி, அதை ஊர்ச் சங்கம் எடுத்து, விலங்கு பெருகியதே என்று சிலர் கேட்பார்கள். பெருகியதுதான். அங்கே 1996 சட்டம் அந்தந்தச் சமூகத்துக்கு விலங்கின் வருமானத்தில் உரிமை கொடுத்தது. நிலம் பரந்தது, சனம் குறைவு. இங்கே விலங்கு அரசுடையது, சேதம் மட்டும் உங்களுடையது. அந்த முறையின் காசுப் பக்கத்தை விட்டுவிட்டு வெடிப் பக்கத்தை மட்டும் இறக்குமதி செய்தால் மிஞ்சுவது சூட்டுச் சத்தம்தான். தம்பானையின் வேடர்கள் கேட்கும் உரிமை இதில் சேராத தனி விஷயம்; 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானபோது, சோற்றுக்கு வேட்டையாடியவர்கள் ஒரே நாளில் குற்றவாளியானார்கள். அவர்களையும் சொகுசு வாகனத்தில் போய் மரை சுடுபவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

உங்கள் காணிக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பன்றிக்கு மின்வேலி. எனர்ஜைசர் (கரண்டைத் துடிப்பாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி) வைத்த வேலி, ஐயாயிரம் வோல்ற்றுக்கு மேல், நொடிக்கு ஒருதரம் மட்டும் ஒரு சொட்டுப்போலக் கொடுக்கும், உதறும், கொல்லாது. 230 வோல்ற் வீட்டுக் கரண்ட் விடாமல் ஓடும், பிடித்த கையை விடாது, கொல்வது அதுதான். பன்றிக்கு இரண்டு கம்பி போதும்: நிலத்திலிருந்து 20 சென்ரிமீற்றரில் ஒன்று, 45இல் ஒன்று. உடம்பு மயிர் கரண்டைத் தடுக்கும் என்பதால் ஈரமூக்குத்தான் முதலில் படவேண்டும். கம்பி உயர்ந்தால் அது முதுகால் தூக்கிக்கொண்டு போய்விடும். குழிவான இடத்தில் கம்பிக்குக் கீழே சந்து விழும், அங்கே ஒரு கட்டை கூடப் போடுங்கள். பூமிக்கம்பி இரண்டு மீற்றர் நீளத்தில் மூன்று, மூன்று மீற்றர் இடைவெளியில் அடியுங்கள். வவுனியாவில் ஆடி, ஆவணியில் மண் காய்ந்து கரண்ட் திரும்பிவர வழியில்லாமல் வேலி செத்துப்போகும். எனர்ஜைசர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட முன்னர் பூமிக்கம்பியடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மாரியில் எதிர்ப்பிரச்சினை: புல் வளர்ந்து கம்பியைத் தொட்டுக் கரண்டைக் குடிக்கும், ஆகவே இருபுறமும் ஒரு முழம் செருக்கியே இருக்க வேண்டும். தோட்டக் குழாயை வெட்டிக் காப்பாகப் போடுவார்கள். ஒரு வெயிலில் வெடிக்கும்.

வேலியை விதைப்பதற்கு முன்னரே உயிரோடு வைப்பது முக்கியம். கச்சானின் ருசி தெரிந்தபின் போட்டால், ஓர் உதறலைத் தாங்கிக்கொண்டு பாய்ந்து உள்ளே போகப் பழகிவிடும். அறுவடை முடிந்ததும் கழற்றி வையுங்கள். கரண்ட் இல்லாத கம்பியைத் தொட்டுப் பழகிய பன்றிக்கு அடுத்த போகம் பயம் இருக்காது. தனிக் காணிக்குப் போடுவதைவிட வயல்வெளிக்கே சேர்ந்து போட்டால் ஆளுக்கு வரும் செலவு குறையும். கமநல சேவை நிலையத்திலும் கமக்காரர் அமைப்பிலும் அதைப் பேசிப் பாருங்கள்.

தென்னைக்கு: தனித்து நிற்கும் மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றினால் குரங்கும் அணிலும் எலியும் ஏறாது. ஓலையோடு ஓலை தொடும் தோப்பில் அது வீண். ஓர மரங்களுக்கு மட்டும் போட்டு, காட்டுப்பக்கக் கிளைகளை நாலைந்து மீற்றர் தள்ளி வெட்டுங்கள். யானை வெடி, கெற்றப்போல், தகரச் சத்தம் எல்லாம் ஆள் கூடவே இருந்து இடம் மாற்றிச் செய்தால் பலிக்கும். ஆளில்லாத பொம்மை மூன்று நாளைக்கு. தினைப்புனத்தில் பரண் கட்டிக் கவணோடு பெண்பிள்ளைகளை இருத்தியது சும்மாவா? காவல் என்பது அன்றும் கூலிச்செலவுதான்.

கொழும்புப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு. பத்தரமுல்ல, ஹோமாகமவில் கூரை ஓட்டை உடைப்பது எல்லாம் ஒரே குரங்கில்லை. கறுத்த முகம், வெள்ளைக் கன்னமீசை, நீண்ட வால் என்றால் அது ஊதாமுக மந்தி. கொழும்பைச் சுற்றியுள்ள அதன் துணையினம் உலகத்திலேயே மிக அருகிவிட்ட குரங்குகளில் ஒன்று. கல்லெறியவும் வேண்டாம், குப்பையை மூடிவைத்து, கூரையைத் தொடும் கிளையை வெட்டினால் போதும். சிலிங்குக்குள் குட்டி போட்ட மரநாய்க்கு நஞ்சு வைத்தால் செத்து நாறுவது உங்கள் தலைக்கு மேலேதான். இரவில் அது வெளியே போனபின், உள்ளே குட்டி இல்லை என்று பார்த்து ஓட்டையை அடையுங்கள்.

சட்டம் என்று பார்த்தால், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும். சரணாலயத்திலும் பூங்காவிலும் எதையும் தொட முடியாது. யானை, சிறுத்தை, கரடி, மான், மரை எங்கே நின்றாலும் பாதுகாக்கப்பட்டவை. பன்றி, குரங்கு, மயில், முள்ளம்பன்றி பற்றி அமைச்சர்கள் மேடையில் சொல்வதை நம்பித் துவக்கைத் தூக்க வேண்டாம். இன்றைய நிலை என்ன, இறைச்சியை ஏற்றிப் போகலாமா, விற்கலாமா என்பதைப் பிரதேச வனசீவராசிகள் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள். அவசரத்துக்குத் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு லைசென்ஸ் எடுப்பதற்கு முன் மின்வேலிக்கென்று உள்ள ஒரு வோல்ற் சோதிப்பான் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு எனர்ஜைசரிலிருந்து ஆகத் தொலைவான மூலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாலாயிரத்துக்குக் கீழே காட்டினால் எங்கேயோ புல் தொடுகிறது அல்லது காப்பு வெடித்திருக்கிறது; இருட்டுவதற்குள் நடந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அன்றிரவு காவலுக்கு ஆள் போட வேண்டும்.